நர்சுகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? – குழந்தை வதை குறித்த பயிற்சிகள் பற்றி

குழந்தை வதையை நர்சுகள் அடையாளம் கண்டு தகவல் சொல்ல வேண்டும் என்பதற்காக நடத்தப்படும் பயிற்சிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கையேடுகள், ஸ்லைடுகள், ஆய்வுக் கட்டுரைகள், சட்டப் பிரிவுகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அனுமானம் கிடக்கிறது: நர்சுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் சொல்லிவிடுவார். இந்த அனுமானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. வார்டில் நர்ஸ் நிறையவே பார்க்கிறார். பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எழுதியதை இன்னொருவர் படித்து ஏதாவது செய்வதற்கு நடுவில் இன்னொரு பள்ளம். நான் பார்த்த பயிற்சிகள் இந்த இரண்டு பள்ளங்கள் பக்கமே போவதில்லை.

இப்படி நான் நினைக்க முக்கியக் காரணம் ஒரு அறிக்கை. பிரிட்டனில் 2003 ஜனவரியில் வெளியான லேமிங் அறிக்கை. விக்டோரியா க்ளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமியின் மரணம் பற்றிய பொது விசாரணையின் அறிக்கை அது. குழந்தைப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பெயர் தெரியும். 108 பரிந்துரைகள் என்று எண்ணிக்கையும் சொல்வார்கள். ஆனால் மருத்துவமனை பற்றிய அத்தியாயங்களை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். படித்திருந்தால் இப்படிப் பயிற்சி நடத்தமாட்டார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். நல்ல படிப்பு கிடைக்கும் என்று சொல்லி அவளுடைய அப்பாவுக்கு அத்தை முறையான ஒரு பெண்மணி அவளை முதலில் பிரான்சுக்கும், பிறகு 1999 ஏப்ரலில் லண்டனுக்கும் கூட்டிவந்தார். வேறொரு குழந்தையின் பெயரில் வந்ததால் லண்டனில் இருந்த அத்தனை அலுவலகங்களுக்கும் அவள் பெயர் அன்னா. 2000 பிப்ரவரி 25 அன்று செத்துப்போனாள். உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. அந்தப் பெண்மணிக்கும் அவருடன் வாழ்ந்த ஆணுக்கும் 2001 ஜனவரியில் ஆயுள் தண்டனை. குறுக்கிட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது பன்னிரண்டு இருந்தன என்று லேமிங் எண்ணிச் சொல்கிறார்.

அதில் இரண்டு வாய்ப்புகள் மருத்துவமனைகளில். 1999 ஜூலை 14 அன்று பகலில் அவளைப் பார்த்துக்கொண்ட குடும்பத்துப் பெண் சந்தேகப்பட்டு சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். முதலில் பார்த்த இளம் மருத்துவர் இது யாரோ செய்த காயம் என்று சந்தேகித்தார். மேல்நிலை மருத்துவர் வந்து சிரங்கு என்று சொல்லிவிட்டார். மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து, ஜூலை 24 அன்று, தலையிலும் முகத்திலும் வெந்நீர்க் காயத்துடன் நார்த் மிடில்செக்ஸ் மருத்துவமனை. சிரங்கு அரிப்பு தாங்காமல் அவளே சுடுதண்ணீர்க் குழாய்க்கு அடியில் தலையை வைத்துக்கொண்டாள் என்பது கூட்டிவந்தவர் சொன்ன காரணம். ரெயின்போ வார்டு என்று பெயர் வைத்த அந்தக் குழந்தைகள் வார்டில் 13 இரவுகள் இருந்தாள்.

அந்தப் பதின்மூன்று இரவுகளில் நர்சுகள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். குளிப்பாட்டும்போது உடலில் பழைய தடங்களைப் பார்த்தார்கள்; பெல்ட் பக்கிளால் அடித்த மாதிரி இருந்ததையும் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி வார்டுக்குள் வந்ததும் குழந்தை கட்டிலிலிருந்து குதித்து இறங்கி விறைப்பாக நின்றதையும், அவர் திட்டும்போது நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டதையும் பார்த்தார்கள். இது அம்மா மகள் உறவு மாதிரி இல்லை, எஜமானி வேலைக்காரி மாதிரி இருக்கிறது என்று ஒரு நர்சுக்குத் தோன்றியிருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கண் எப்படிப் பார்க்கும்? எந்தப் பயிற்சியிலும் 'நடத்தை சார்ந்த அறிகுறிகள்' என்ற ஸ்லைடில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இவற்றில் பல வார்டு குறிப்பேட்டில் ஏறவே இல்லை. இன்னொரு பக்கம், குறிப்பில் ஏறிய ஒரு வரி என்ன செய்தது என்று பாருங்கள். மூத்த மருத்துவர் டிஸ்சார்ஜ் செய்யலாம் என்ற பொருளில் சுருக்கமாக ஒன்றை எழுதினார். உடம்பு தேறிவிட்டது என்பதைத்தான் எழுதினேன், வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை என்று விசாரணையில் விளக்கினார். படித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆகஸ்ட் 6 அன்று விக்டோரியா அதே பெண்மணியுடன் கிளம்பிப் போனாள். பார்த்தவர்கள் எழுதவில்லை, எழுதப்பட்டதோ நினைத்ததைச் சொல்லவில்லை.

லேமிங் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. அறிக்கை மிகக் கடுமையானது, அதில் சந்தேகமில்லை. மேல்மட்ட அதிகாரிகளை விடவில்லை. சட்டம் போதாமல் போகவில்லை, அடிப்படை வேலையே நடக்கவில்லை என்று சொல்வதும் சரி. ஆனால் 'எழுதவில்லை' என்பதற்கு அவர் தரும் மருந்து 'இனி எழுத வேண்டும்' என்பதாகவே இருக்கிறது. சந்தேகம் எழுந்தால் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும், மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும், எதிர்காலப் பராமரிப்புக்குத் திட்டம் எழுதாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எல்லாம் நல்ல பரிந்துரைகள். பார்த்த பிறகும் ஏன் ஒருவர் எழுதாமல் விடுகிறார் என்ற கேள்வி மட்டும் பாதியில் நிற்கிறது. என் ஊகம் இது: பெரிய டாக்டர் பார்த்துவிட்டார், சமூகப் பணியாளர் வந்து போகிறார், கேஸ் ஏற்கெனவே 'ஓடிக்கொண்டிருக்கிறது'. அப்படி இருக்கும்போது நான் எழுதும் ஒரு வரி புதிதாக எதைச் சேர்க்கும் என்ற எண்ணம். பல கண்கள் பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு கண்ணும் மற்றதை நம்பும். கல்யாண வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், குழந்தைக்குச் சாப்பாடு போட்டாச்சான்னு யாருக்கும் தெரியாது, அந்த மாதிரி.

பயிற்சிகள் ஏன் 'அறிகுறி' என்ற ஒன்றையே சுற்றி வருகின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1962ல் ஹென்றி கெம்ப்பும் நான்கு சக மருத்துவர்களும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது. 71 மருத்துவமனைகளிலிருந்து 302 குழந்தைகள். அதில் 33 பேர் இறந்தார்கள், 85 பேருக்கு மூளையில் நிரந்தர பாதிப்பு. அதற்கு முன்பே 1946ல் ஜான் கேஃபி என்ற எக்ஸ்ரே நிபுணர் மூளை உறைக்குக் கீழ் ரத்தக்கசிவும் கைகால் எலும்பு முறிவும் சேர்ந்திருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். கெம்ப்பின் கட்டுரை வந்த ஐந்தே வருடத்தில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தகவல் தரும் சட்டம் வந்துவிட்டது. பெரிய சாதனை. ஆனால் அது டாக்டர்கள் டாக்டர்களுக்கு எழுதியது. எக்ஸ்ரே பார்க்கிறவர், நோயைத் தீர்மானிக்கிறவர், பெற்றோரிடம் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ளவர் ஆகியோரின் பார்வை. அதை அப்படியே வெட்டிச் சின்னதாக்கி நர்சிங் மாணவிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் நிற்கும் இடம் வேறு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். இந்தியாவில் 2012ல் போக்சோ சட்டம் வந்த பிறகு நர்சுகளுக்கான பயிற்சி பெரும்பாலும் அந்தச் சட்டத்தைப் பற்றியதாகிவிட்டது. அப்படி ஒரு பயிற்சி நாளில் ஒரு நர்சிங் கல்லூரியில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். காலை முழுக்கச் சட்டம். பிரிவு எண்கள், தண்டனை வருடங்கள். மதியம் அறிகுறிகள். கடைசியில் ஒரு தேர்வுத் தாள், சான்றிதழ், டீ. நடுவில் வார்டு அனுபவம் உள்ள ஒரு சிஸ்டர் எழுந்து கேட்டார்: "சார், எங்களுக்குச் சந்தேகம் வந்தா டியூட்டி டாக்டர்கிட்ட சொன்னா போதுமா?" பேசிக்கொண்டிருந்தவர் யோசிக்கவே இல்லை. "தாராளமா. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மத்ததை அவர் பார்த்துப்பார்."

அன்றைக்கு நாள் முழுக்கக் கேட்கப்பட்டதில் அதுதான் உருப்படியான கேள்வி. பதில் சட்டத்தோடு பொருந்தவில்லை. போக்சோ 19(1) சொல்வது 'எந்த ஒரு நபரும்'. குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, தகவலை அவர் சொல்ல வேண்டிய இடங்கள் இரண்டு: சிறப்பு சிறார் காவல் பிரிவு, அல்லது உள்ளூர்க் காவல் நிலையம். டியூட்டி டாக்டர் அந்தப் பட்டியலில் இல்லை. ஹெட் நர்சும் இல்லை, ஆர்.எம்.ஓ.வும் இல்லை. சொல்லாமல் விட்டால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது வழக்கு வராது என்று 19(7) சொல்கிறது. இந்தக் கடைசி உட்பிரிவு அன்றைய ஸ்லைடுகளில் இல்லவே இல்லை. பயமுறுத்தும் பிரிவு இருந்தது, காப்பாற்றும் பிரிவு இல்லை!

நடைமுறையில் என்ன நடக்கிறது? டியூட்டி டாக்டர் ஏ.ஆர். என்ட்ரி போடுகிறார், அங்கிருந்து போலீசுக்குத் தகவல் போகிறது. டாக்டர் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. அவர் "அதெல்லாம் குடும்ப விஷயம், நமக்கெதுக்கு" என்று விட்டுவிட்டால் நர்சின் கடமை தீர்ந்ததா? சட்டப்படி தீரவில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இருபத்து நான்கு வயது ஸ்டாஃப் நர்ஸ், நைட் டியூட்டியில், தன் டாக்டரைத் தாண்டி ஸ்டேஷனுக்கு போன் போட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. இது நியாயமா என்பது ஒரு பக்கம். குறைந்தபட்சம் அப்படி எதிர்பார்க்கிறது என்பதையாவது அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டாமா? 2022 நவம்பரில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்ட விடுதிச் சிறுமிகள் வழக்கில், அவர்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் தகவல் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரங்களில் குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்று தீர்ப்பு பேசுகிறது. டாக்டருக்கே இந்த நிலை என்றால், அவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்த நர்சிடம் நாளைக்கு என்ன கேட்பார்கள்? "நான் சொன்னேன்" என்பதற்கு அவரிடம் எழுத்தில் ஏதாவது இருக்குமா?

மதியப் பகுதிக்கு, அதாவது அறிகுறிகளுக்கு வருவோம். இங்கே இன்னும் வருத்தம். ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று சொல்லும் ஒரு வண்ண அட்டவணை பல பயிற்சிகளில் வருகிறது: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று. குழந்தைகளில் நிறத்தை வைத்து நாள் கணக்கிட முடியாது என்று 2005லேயே சபீன் மக்வயரும் சக ஆய்வாளர்களும் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி எழுதிவிட்டார்கள். அட்டவணை இன்னும் ஓடுகிறது. போதாததற்கு படத்தில் இருப்பது வெள்ளைத் தோல். நம் பிள்ளைகளின் தோலில் ரத்தக்கட்டு எப்படித் தெரியும், எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், தொட்டால் வீக்கமோ வலியோ தெரிகிறதா என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே நீலமாக இருக்கும் மங்கோலியன் புள்ளிகள் நம் குழந்தைகளிடம் சர்வ சாதாரணம். அதை அடித்த தடம் என்று எண்ணி அம்மாவை விசாரிக்கிற அபத்தத்தைத் தவிர்க்கவும் சொல்லித் தர வேண்டும். வயிற்று உப்புசத்துக்கும் வலிப்புக்கும் சூடு வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்தத் தழும்பை எப்படி எடுத்துக்கொள்வது? குழந்தைக்குத் தீங்கு நடந்திருக்கிறது, ஆனால் சூடு வைத்த பாட்டியும் சிகரெட்டால் சுட்டவனும் ஒன்றல்ல. இதையெல்லாம் அமெரிக்க ஸ்லைடு சொல்லாது.

உபயோகமான விஷயமே இல்லாமல் போகவில்லை. 1999ல் சியாட்டிலில் நடந்த ஓர் ஆய்வில் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட 366 குழந்தைகளில் இரண்டு பேருக்குத்தான் ரத்தக்கட்டு இருந்தது. நடக்காத, தவழாத குழந்தைக்குச் சும்மா கன்றிப்போகாது என்பது இதன் சாரம். மேரி கிளைட் பியர்ஸ் குழுவினரின் 'டென்-4' விதி இன்னும் நேரடியானது: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ ரத்தக்கட்டு, அல்லது நான்கு மாதத்துக்கும் குறைந்த சிசுவுக்கு எங்கே இருந்தாலும், கவனி. 2021ல் இதை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து, தாடை ஓரம், கன்னத்தின் சதைப்பகுதி, கண்ணிமை, மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு, அச்சுப் பதிந்த மாதிரியான தடம் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். நிறத்தைப் பேசாமல் இடத்தைப் பேசுகிறது, அதனால் நமக்கும் பொருந்தும். ஒரு அட்டையில் அச்சடித்து டிரஸ்ஸிங் அறையில் ஒட்டிவிடலாம். அரை நாள் வேண்டியதில்லை.

பாலியல் வன்முறையில் 'அறிகுறி' என்ற அணுகுமுறை தீங்கே செய்கிறது. 1994ல் ஜாய்ஸ் ஆடம்ஸ் குழுவினர், நீதிமன்றத்தில் நிரூபணமான வழக்குகளில் கூடப் பெரும்பாலான குழந்தைகளின் உடல் பரிசோதனை இயல்பாகவே இருந்தது என்று காட்டினார்கள். 2002ல் ஹெகர் குழுவினர் 2,384 குழந்தைகளைப் பார்த்ததில் 4 சதவீதத்தினரிடம்தான் மாறுபாடு தெரிந்தது. அப்படியென்றால் 'காயம் இருக்கிறதா பார்' என்று சொல்லிக் கொடுப்பது, காயம் இல்லாத தொண்ணூற்றுச் சொச்சம் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுப்பதுதான். அந்தக் குழந்தைகளிடம் இருக்கும் ஒரே சாட்சியம் அவர்கள் வாயிலிருந்து வரும் சொல். அந்தச் சொல் யாரிடம் வரும்? ரவுண்ட்சில் பத்துப் பேரோடு வந்து நிற்கும் பெரிய டாக்டரிடமா? ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு "கண்ணை மூடிக்கோ, அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்று சொல்லும் சிஸ்டரிடம்தான் வரும். லண்டனில் குளிப்பாட்டும்போது பார்த்தார்கள் என்றால் நம் வார்டில் குளிப்பாட்டுவது அம்மாவோ கூட இருக்கும் அட்டெண்டரோதான். நம் நர்சுக்குக் கிடைப்பது வென்ஃப்ளான் மாற்றும் நேரம், இரவு இரண்டு மணி மாத்திரை நேரம், அம்மா பாத்ரூம் போயிருக்கும் ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தை ஒன்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? துருவித் துருவிக் கேட்கக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. சொன்னதை அப்படியே எழுத வேண்டும். இந்த மூன்றையும் கையேடுகள் சொல்கின்றன. மூன்றாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை. நம் மருத்துவமனைகளில் நர்சஸ் நோட்ஸ் ஆங்கிலத்தில். குழந்தை தமிழில் பேசுகிறது. "பக்கத்து வீட்டு மாமா டிவி பார்க்கலாம்னு கூப்பிட்டு ஜட்டிக்குள்ள கைய விட்டாரு" என்று ஒரு குழந்தை சொன்னால், கேஸ் ஷீட்டில் ஏறுவது 'அலெஜ்ட் ஹிஸ்டரி ஆஃப் செக்சுவல் அஸால்ட்' என்ற வரி. 'அலெஜ்ட்' என்ற சொல்லை மருத்துவ-சட்டக் குறிப்புகளில் பழக்கத்தில் போடுகிறார்கள். படிக்கிறவருக்கு அது சந்தேகமாகத் தொனிக்கிறது. மாமா போய்விட்டார், டிவி போய்விட்டது, கை போய்விட்டது. நாளைக்கு நீதிமன்றத்தில் பயன்படக்கூடிய விவரம் முழுக்க அந்த ஒரு வரியின் ஆங்கிலத்தில் கரைந்துவிட்டது. குழந்தை சொன்னதைத் தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிக்குள், நேரம் போட்டு எழுதுங்கள் என்று ஒரு பயிற்சியாளர் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத என்ன தடை? எதுவும் இல்லை, பழக்கம்தான்.

உடல் காயத்துக்கும் இதே கதை. 'பழைய காயத் தழும்புகள் உள்ளன' என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. இடது தொடையின் வெளிப்புறம், முழங்காலுக்கு நான்கு விரல் மேலே, லாட வடிவத்தில், மூன்று செ.மீ., இதே போல் இரண்டு; எப்படி வந்தது என்று கேட்டதற்கு அம்மா 'சைக்கிள்ல இருந்து விழுந்தான்' என்றார்; பையன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்; இரவு 9.40, பார்த்தவர் கையெழுத்து. இதுதான் குறிப்பு. நோய்க்கணிப்பு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, 'வதை' என்ற சொல்லே இல்லை. எந்த டாக்டரும் "நீ யார் இதைச் சொல்ல" என்று கேட்க முடியாத குறிப்பு. ரெயின்போ வார்டில் இப்படிப் பத்து வரி இருந்திருந்தால் ஆகஸ்ட் 6 வேறு மாதிரி போயிருக்கலாம். ஒரு நாள் பயிற்சியில் பாதி நாளை இப்படி எழுதிப் பழகுவதற்கே விடலாம். பொம்மையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் தடம் வரைந்து கொடுத்து எழுதச் சொல்லி, பிறகு ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் தடத்தை மீண்டும் வரைந்து காட்டச் சொல்லலாம். செலவு ஒன்றும் இல்லை.

பயிற்சிகள் ஏன் இதைச் செய்வதில்லை என்றால், அளக்கப்படுவது வேறு. காலையில் ஒரு கேள்வித்தாள், மாலையில் அதே கேள்வித்தாள், மதிப்பெண் கூடியிருக்கிறது, பயிற்சி வெற்றி. நர்சிங் ஆய்வேடுகளில் இந்த வடிவம் ஒரு தொழிற்சாலை மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கல்லூரி நூலகத்திலும் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். இது உலகம் முழுக்க உள்ள வியாதிதான். கெர்ரியன் வால்ஷ் தலைமையில் 2022ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி பற்றிய சோதனைகளை உலகம் முழுக்கத் தேடியதில் தேறியது 11. அறிவு கூடலாம் என்கிறார்கள். வேலையிடத்தில் தகவல் தருவது உண்மையில் கூடியதா என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. இத்தனை வருடப் பயிற்சிக்குப் பிறகு!

இன்னொரு ஓட்டையையும் சொல்ல வேண்டும். போக்சோ பாலியல் குற்றத்துக்கு மட்டுமானது. நம் பயிற்சிகள் போக்சோவோடு நின்றுவிடுவதால், பெல்ட்டால் அடிபட்ட பையனைப் பார்த்த நர்சுக்குக் கையில் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015 இருக்கிறது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமைப்படுத்துவது 75ஆவது பிரிவில் குற்றம். அதைவிட எனக்குப் பிடித்தது 31ஆவது பிரிவு. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன்பு யாரெல்லாம் ஆஜர்படுத்தலாம் என்ற பட்டியலில் 'செவிலியர், மருத்துவர், அல்லது மருத்துவமனை நிர்வாகம்' என்று வருகிறது. செவிலியர் பெயர் முதலில்! நர்சைத் தனித்து, டாக்டருக்கு முன்னால் நிறுத்திப் பேசும் சட்ட வாசகம் நான் பார்த்தவரை இது ஒன்றுதான். கட்டாயம் என்று சொல்லவில்லை, செய்யலாம் என்கிறது. 1098க்கு ஒரு போன் போட்டாலே அந்தப் பாதை திறக்கும். அன்றைய பயிற்சியில் இந்தப் பிரிவின் எண் கூட வரவில்லை.

(அடிக்கும் விஷயத்தில் சட்டத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நர்சும் டாக்டரும் பயிற்சியாளரும். எது அடி, எது வதை என்ற கோடு அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் வேறு இடத்தில் இருந்தது. அதைப் பற்றிப் பேச அரை மணி நேரமாவது ஒதுக்கியிருக்கலாம். யாரும் தொடவில்லை.)

கடைசியாக, தகவல் தருவதே தீங்காக முடியும் இடம். இதைப் பயிற்சிகள் பேசவே பயப்படுகின்றன. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருகிறார், பிக்மியில் கர்ப்பிணியைப் பதிய வயது கேட்கிறார். பெண்ணுக்குப் பதினேழு. அவளாக விரும்பிப் போனதோ, வீட்டில் கட்டிவைத்ததோ, பதினெட்டுக்குக் கீழே என்றால் போக்சோ. சொல்லாவிட்டால் செவிலியர் மீது குற்றம். சொன்னால் கணவன் உள்ளே போவான், குடும்பம் செவிலியரைத் திட்டும். அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு பதினேழு வயதுப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பக்கமே வராமல் இருப்பாள். ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் சோதிக்கப்படாத பிரசவம் என்னவாகும் என்பது செவிலியருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் வழி விட்டது: கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பு பேசுவது பதிவுபெற்ற மருத்துவரைப் பற்றி, கருக்கலைப்பைப் பற்றி. குழந்தையைப் பெற்றுக்கொள்ளப் போகும் பெண்ணின் வாசலில் நோட்டோடு நிற்கும் செவிலியரைப் பற்றி அல்ல. அவர் வயதுக் கட்டத்தில் 18 என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதே சமயம் அந்த 18க்குள் நாற்பது வயது மாமனுக்குக் கட்டிவைக்கப்பட்ட ஒரு பெண்ணும் ஒளிந்துகொள்வாள். இரண்டு பெண்களையும் பிரித்தறிவதுதான் நிஜமான 'அடையாளம் காணுதல்'. அதற்கு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசத் தெரிய வேண்டும். பேசிய பிறகு சட்டம் செவிலியருக்குத் தேர்வு எதையும் விட்டுவைக்கவும் இல்லை.

2014ல் மத்திய சுகாதார அமைச்சகம் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான மருத்துவ-சட்டப் பராமரிப்பு பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இருவிரல் பரிசோதனை கூடாது என்பது போன்ற முக்கியமான விஷயங்கள் அதில் உண்டு. அதில் நர்சுக்கு என்ன இடம் தரப்பட்டிருக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் தனியாக எழுதுகிறேன்.